பக்கத்துக் கட்டிலில் சென்டர் செங்கோடன்

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றதும் பயந்து ஓடுகிற ஆட்களுக்குத் தைரியம் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் என் வயிற்றைப் பற்றி வந்ததைவிடப் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி வந்ததுதான் அதிகம். போகட்டும். என் வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை.

நாமக்கல் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஆறுமுகம். கடை மாற்றும்போது மிஷினைத் தூக்க ஆள் கூப்பிடச் சொன்னாள் என் மனைவி லட்சுமி. மனைவி சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? தனியாளாகத் தூக்கி வண்டியில் வைத்தேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. ஒரு மாசத்தில் அந்த இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் போகும். மஞ்சள் பற்றுப் போட்டேன், இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டினேன். அது பாட்டுக்கு வளர்ந்தது.

சேலத்தில் பெரிய டாக்டர் விளக்கிச் சொன்னார். வயிற்றின் உள்சுவரில் ஓரிடம் நைந்து பிரிந்துவிட்டது. அந்த வழியாகக் குடல் பிதுங்குகிறது. ஒரு நாள் அங்கேயே சிக்கிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் அழுகிவிடும், ஆளும் போய்விடுவான். திறந்து, குடலை உள்ளே தள்ளி, பிரிந்ததைத் தைக்க வேண்டும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிரிந்த இடத்தைத் தைக்காமல் மேலே ஒட்டுப் போட்டு என்ன பிரயோசனம்? “எத்தனை தையலுங்க?” என்று கேட்டேன். “உங்க தொழிலை எங்கிட்டக் காட்டாதீங்க” என்று சிரித்தார்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. நல்லதும் சொல்வேன், கெட்டதும் சொல்வேன். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.

மூக்கின் மேல் துணி மூடியை வைத்துக் குளோரோபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். பதினான்கு வரை எண்ணிய ஞாபகம். விழித்தபோது வயிற்றில் நெருப்பு. மூன்று வாரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்றார் வார்டு சிஸ்டர். உட்காரக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. லட்சுமி செவ்வாய்ப்பேட்டையில் அவள் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்தாள். மிஷின் விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. கடையிலிருந்து என் இஞ்சு டேப்பை எடுத்துவந்து தலையணையின் கீழ் வைத்திருந்தாள். “கை சும்மா இருந்தா உங்களுக்குப் பித்துப் புடிச்சிரும், இத உருட்டிட்டுக் கெடங்க” என்றாள். அந்த டேப் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

மறுநாள் காலையில்தான் கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். நெட்டையான மனிதர், பாதங்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தாடி மண்டிய முகம் பிடிபடவில்லை. டெய்லருக்கு முகம் மறக்கும், அளவு மறக்காது. தோள் பதினெட்டு, கை இருபத்தாறு. அந்தக் கைக்கு நான் எத்தனை பனியன் தைத்திருக்கிறேன்!

“செங்கோடண்ணா! நீங்களா?”

அவர் மெதுவாகத் திரும்பினார். “ஆருங்க?”

“நாமக்கல் டெய்லருங்க. ஆறுமுகம்.”

“அப்படீங்களா. ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமுங்களா?” என்றார் மரியாதையாக. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி என்னைப் பார்த்து, “ஆருங்க?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாலும் தையலுக்கு ஆகாது என்று சிஸ்டர் அதட்டினார்.

சின்ன வயசுக்காரர்களுக்குச் செங்கோடன் யாரென்று தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் நாமக்கல் பந்தாட்ட டீமில் நட்டநடு ஆட்டக்காரர். அதனால் ‘சென்டர் செங்கோடன்’. வெறுங்காலில்தான் ஆடுவார்கள். அந்தப் பக்கம் எருமப்பட்டியிலிருந்தும் இந்தப் பக்கம் நாமகிரிப்பேட்டையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மைதானத்தைச் சுற்றி அவிழ்த்துவிட்ட மாடுகள் நிற்கும். பந்து அவர் காலுக்கு வந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். கர்ப்பிணிப் பெண்கள்கூட வண்டியில் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள். வண்டிக்குள்ளிருந்து கிழவிகள் திட்டுவார்கள். ஆட்டம் உண்டென்றால் நான் கடையைச் சாத்திவிட்டு, அறுந்த பொத்தான் தைக்க ஊசி நூலோடு இரண்டு மணிக்கே மைதானத்துக்குப் போய்விடுவேன். டீமின் சிவப்புப் பனியன் என் கைவேலை. வேர்வையில் சாயம் இறங்கிப் பதினொரு பேரும் சிவந்த முதுகோடு வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எனக்குக் கொடுத்த அர்ச்சனையை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அப்படிப்பட்டவர் சேலத்து ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தார் என்பதை அவர் மனைவி பாவாயி சொன்னார். இரண்டு வருஷமாகவே மறதி. சாப்பிட்டதை மறப்பார், வீட்டு வழியை மறப்பார். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது வெளியே போய்விட்டார். பஸ் வந்து நின்றிருக்கிறது. அதன் கண்டக்டர் சுப்பிரமணி சின்ன வயசிலிருந்து அவருடைய பரம பக்தன். ‘எங்கே போகிறீர்கள்’ என்றுகூடக் கேட்காமல், கையைப் பிடித்து ஏற்றி, டிக்கட் காசு வாங்காமல், முன்சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி உட்காரவைத்து, சேலம் வரை அவருடைய பழைய ஆட்டங்களை அவருக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான். சேலத்தில் இறக்கிவிட்டு ஒரு கும்பிடும் போட்டிருக்கிறான். அங்கிருந்து நடந்துபோனவர், எங்கோ பந்தாட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு மைதானத்தின் நடுவில் இறங்கிக் குனிந்து குனிந்து நடந்திருக்கிறார். விலகச் சொன்னார்கள்; விலகவில்லை. இழுத்தார்கள், உதறினார். போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாஜிஸ்ட்ரேட் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பத்து நாள் வைத்துப் பார்த்து, இவரால் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று பெரிய டாக்டர் எழுதித் தரவேண்டும். இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். உண்டு என்றால் மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. “அங்க கொண்டு போயிட்டா நா எங்கீங்க போயிப் பாக்கறது? அவிய எங்கையால தவிர தின்னமாட்டாங்களே” என்று பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

செய்தி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆட்டம் விடாமல் வண்டி கட்டி வந்த எருமப்பட்டி மாரப்பக் கவுண்டர் தினமும் வந்தார். நிலக்கடலைச் சாகுபடியை மகன்மேல் போட்டுவிட்டு வந்தவர். சுப்பிரமணி பஸ் நிற்கிற நேரத்தில் ஓடி வருவான். வந்து செங்கோடன் கால்மாட்டில் நின்று தலையில் அடித்துக்கொள்வான். யுத்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்த வார்டு, பந்தாட்டம் பேச ஆரம்பித்தது. திருச்சியிலிருந்து வந்த டீமுக்குப் போட்ட அந்தக் கடைசி கோல் இடது காலா வலது காலா என்று கவுண்டருக்கும் சுப்பிரமணிக்கும் சண்டையே வந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும், தலையால் முட்டிப் போட்டது. நான் படுத்தபடி அதைச் சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்மேல் பாய்ந்தார்கள். செங்கோடனையே கேட்டோம். “ஆமாங்க, ஆமாங்க” என்று மூன்று பேருக்கும் தலையாட்டினார்.

எல்லோரும் சிரித்தோம். “மழையில நனஞ்ச பந்து கல்லாட்டம் இருக்குமுங்க” என்றார் கவுண்டர் திடீரென்று. “அதத் தலையில முட்டு முட்டுன்னு நாமதானுங்க கத்துனோம்.” அதனால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரைக் கேட்டோம். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சோதனைகள் நடந்தன. கையில் ரத்தம் எடுத்தார்கள். பக்கவாட்டில் சுருண்டு படுக்கவைத்து, முதுகெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவே நீள ஊசியை விட்டு நீர் எடுத்தார்கள். பால்வினை நோய் முற்றினாலும் புத்தி இப்படிப் பேதலிக்குமாம். அது இல்லை என்று தெரிந்துகொள்ள ரத்தத்தையும் அந்த நீரையும் மதராஸுக்கு அனுப்பினார்கள். “கல்யாணத்துக்கு முந்தி வெளியில போற பழக்கம் உண்டா?” என்று பாவாயியை டாக்டர் கேட்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் தலைநிமிர்ந்து, “மைதானத்தத் தவுத்து அவிய வேற எங்கீங்க போனாங்க?” என்று திருப்பிக் கேட்டார். முடிவு வரும்வரை யாரிடமும் பேசாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். லட்சுமி இரண்டு தூக்குச் சட்டிகளில் கஞ்சி கொண்டுவர ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் கட்டில் ஓரமாக நின்று பாவாயிக்குச் சொன்னார்: “மூளை கொஞ்சங் கொஞ்சமா வத்திக்கிட்டு வருதும்மா. நேத்து நடந்தது முதல்ல போகும். அப்புறம் மனுஷங்க மறப்பாங்க. பழக்கத்துல கையும் காலும் செய்யறது மட்டும் கடைசி வரைக்கும் நிக்கும். மருந்து கிடையாது.”

அத்தனையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் கிடந்த நான்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

தினமும் வெயில் சாய்ந்ததும் செங்கோடன் எழுந்து வெளியே போய்விடுவார். எங்கே போகிறார் என்று மல்லாந்து கிடக்கிற எனக்குத் தெரியாது. வார்டு ஆள் தேடிப் பிடித்துக் கூட்டிவருவான். வந்ததும் தலையணைக்கடியில் கையை விட்டு ஏதோ செய்வார். ஒரு காலை என் விலாவில் சுரீரென்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடிச் சில்லு. அவர் கட்டிலிலிருந்து தெறித்திருக்க வேண்டும். தையலுக்கு நாலு விரற்கடைதான் தூரம். “சிஸ்டர்! இந்த ஆளு கண்ணாடி வெச்சிருக்காரு! என்னக் குத்தப் பாக்கறாரு!” என்று கத்தினேன். நாள் முழுக்க ‘அண்ணா, அண்ணா’ என்றவன் அந்த நேரத்தில் ‘இந்த ஆளு’ என்றேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தலையணையைத் தூக்கினார்கள். உடைந்த ஊசிமருந்துக் குப்பிகள், துரு ஆணி, முள், குண்டூசி. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் இருபது நோயாளிகள் படுத்திருக்கிற வார்டு அவர் பொறுப்பு. “இதுக்கு மேல நான் என்ன எழுத முடியும்?” என்றார். மறுநாள் மாலை கடிதம் போய்விடும். பாவாயி என்னை ஒன்றும் சொல்லவில்லை. “உங்களுக்குக் காயம் ஒண்ணும் இல்லீங்களே?” என்று மட்டும் கேட்டார். நாலு அறை அறைந்திருக்கலாம்.

மாரப்பக் கவுண்டர் விடவில்லை. “காலும் கையும் மறக்காதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அவிய காலுக்கு முன்னால ஒரு பந்த வெச்சுப் பாருங்க. அப்பறம் எழுதுங்க” என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, சரி என்றார்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரி வளாகத்தில் கூட்டம் கூடிவிட்டது. சுப்பிரமணி பஸ்ஸை வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டுப் புதுத் தோல் பந்து கொண்டுவந்தான். நான் சிஸ்டரைக் கெஞ்சி, தலைக்கு இரண்டு தலையணை வைக்கச் சொல்லி, எட்டு நாளில் முதல்முறையாக ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். கவுண்டர் பந்தைச் செங்கோடனின் வலது காலுக்கு முன்னால் வைத்தார். என் கையில் இஞ்சு டேப் நசுங்கியது. உதைத்துவிடு அண்ணா, ஒரே ஒரு உதை!

செங்கோடன் குனிந்து பந்தைக் கையால் எடுத்தார். மண்ணைத் தட்டினார். கவுண்டரிடம் நீட்டி, “ஆரோ வுட்டுட்டுப் போயிட்டாங்க போல. கேட்டுக் குடுத்துருங்க” என்றார்.

கவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூட்டம் கலைந்தது. வராந்தாவில் நின்ற டாக்டர் கடிதத்தை எழுதத் தன் அறைப் பக்கம் திரும்பினார்.

நான் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் திரும்ப என்னால் முடியாது. செங்கோடன் வேப்பமரத்தடிக்குப் போனார். குனிந்தார். ஒரு அடி வைத்து மறுபடி குனிந்தார். மரத்திலிருந்து வாசல் வரை நேராக ஒரு கோடு. பிறகு இரண்டு முழம் தள்ளித் திரும்ப ஒரு கோடு. பொறுக்கியதை வேட்டி மடியில் போட்டுக்கொண்டார். அந்த முதுகை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி வெயிலில், ஆளில்லாத நாமக்கல் மைதானத்தில், நான் நிழலில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும்போது, இந்தக் கோல்கம்பத்திலிருந்து அந்தக் கோல்கம்பம் வரை இதே மாதிரிக் கோடு போட்டு ஒருவர் நடப்பார். நெருஞ்சி முள் பொறுக்குவார். நாலு மணிக்கு வண்டி கட்டி வந்தவர்கள் அவர் கோல் போட்டதைத்தான் பார்த்தார்கள். நான் அதற்கு முன்னால் இருந்ததையும் பார்த்தவன். பார்த்தும் மறந்தவன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இரண்டு காலும் தரையில் இருந்தன. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வராந்தா வரை போய்விட்டேன். சிஸ்டர் அலறினார். “டாக்டர்! எழுதிறாதீங்க! முள்ளுப் பொறுக்கறாருங்க!” என்று கத்தினேன். டாக்டர் திரும்பி வந்து என்னைத் தாங்கிப் பிடித்தார். “தையல் பிரிஞ்சா சாவீங்க, தெரியுமா?” என்று சீறினார். திட்டத் திட்ட நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூச்சு வாங்க வாங்க முழுவதையும் சொன்னேன்.

அவர் என்னைக் கட்டிலில் கிடத்தி, தையலைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனார். மறுபடி ஜன்னலில் பார்த்தேன். செங்கோடன் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்தார். ஊசி போடும் அறையின் பின்பக்கம் எறிந்த குப்பிச் சில்லுகள் வாசல் வரை சிதறிக் கிடக்கிற இடம் அது. வெளிநோயாளிகள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள், எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிற வழி. அதில் பாதி சுத்தமாக இருந்தது.

“என்ன பண்றீங்க பெரியவரே?” என்று டாக்டர் கேட்டது எனக்குக் கேட்டது.

செங்கோடன் நிமிர்ந்து டாக்டரின் பூட்ஸைப் பார்த்தார். “நம்ம பசங்க வெறுங்காலுங்க” என்றார். “நீங்க பூட்ஸ் போட்டிருக்கறீங்க. உங்களுக்குத் தெரியாதுங்க.”

டாக்டர் வார்டு ஆளைக் கூப்பிட்டு ஒரு முறம் கொண்டுவரச் சொல்லி, மடியில் இருந்ததை அதில் கொட்டச் சொன்னார். செங்கோடன் சந்தோஷமாகக் கொட்டினார். போட ஒரு இடம் இல்லாமல்தான் அத்தனை நாளும் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ‘இவரால் யாருக்கும் ஆபத்து இல்லை, வீட்டார் பொறுப்பில் விடலாம்’ என்று டாக்டர் எழுதினார். பொறுப்புக் கையெழுத்தை மாரப்பக் கவுண்டர் போட்டார்.

என் தையல் ஒன்றும் பிரியவில்லை. ஆனால் எழுந்த குற்றத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். மிஷினைத் தூக்க ஆள் கூப்பிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் பயப்படாமல் ஆபரேஷனுக்குப் போங்கள். ஊரில் சாயங்காலமானால் சுப்பிரமணியோ கவுண்டரோ நானோ செங்கோடனை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறோம். ஆளுக்கு ஒரு கோடாகக் குனிந்து நடக்கிறோம். கடைசி கோல் எந்தக் கால் என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.

அவர் வீட்டுக்குக் கிளம்பிய காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பாவாயி அவரைக் கையைப் பிடித்து என் கட்டிலருகே கொண்டுவந்தார். “டெய்லருங்க. இவியதான் நம்மளக் காப்பாத்துனாங்க” என்றார். கண்ணாடிச் சில்லுக்குக் கத்தியவனும் நான்தான் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. முந்தின நாள் எழுந்ததில் பயந்து போயிருந்த நான் அசையாமல் மல்லாந்து கிடந்தேன்.

செங்கோடன் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் கால்மாட்டில் போய் நின்றார். போர்வையை விலக்கி, என் வலது குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் அடிப்பாதத்தை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். பிறகு இடது காலையும் அப்படியே பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“முள்ளு ஒண்ணுமில்லீங்க. எறங்கு சாமி, ஆடலாம்” என்றார்.

எனக்கு வயது நாற்பத்தாறு. பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக் காலால் தொட்டதில்லை.

“சரிங்கண்ணா” என்றேன். “இதோ எறங்கறேனுங்க.”